‘ஒருபோதும் இல்லை’ என்று வட்டமிட்டவர்

குரல் வினாக்கொத்தைத் தமிழில் செய்யப் போகிறோம், உங்களிடம் பழைய குறிப்புகள் ஏதும் இருந்தால் தாருங்கள் என்று இளம் பேச்சுச் சிகிச்சையாளர்கள் நீங்கள் மூன்று பேரும் கேட்டு எழுதியிருந்தீர்கள். குறிப்புகளையெல்லாம் ஓய்வுபெற்ற அன்று மருத்துவமனை அலுமாரியிலேயே விட்டு வந்துவிட்டேன். என்னிடம் மிஞ்சியிருப்பது நான் விட்ட ஒரு பிழை. அதைத் தருகிறேன்.

இது இரண்டாயிரங்களின் நடுவில் நடந்தது. மேற்கு லண்டனில் ஒரு மருத்துவமனையின் குரல் கிளினிக்கில் நான் பேச்சுச் சிகிச்சையாளராக இருந்தேன். வீடு கிழக்கே பிளேஸ்டோவில். தினமும் டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலில் ஊரின் ஒரு தலையிலிருந்து மறு தலைக்குப் போவேன். அந்தப் பயணத்தில்தான் நோயாளிகளின் தாள்களை வாசிப்பது வழக்கம்.

அந்தத் தாளை நீங்கள் அறிவீர்கள். முப்பது வாக்கியங்கள். ‘என் குரலைக் கேட்பது மற்றவர்களுக்குக் கஷ்டமாக இருக்கிறது’, ‘நான் விரும்புவதைவிடக் குறைவாகவே தொலைபேசியில் பேசுகிறேன்’ என்று ஒவ்வொன்றாகப் போகும். எதிரே ‘ஒருபோதும் இல்லை’ என்பதில் தொடங்கி ‘எப்போதும்’ வரை ஐந்து பதில்கள். பூச்சியம் முதல் நான்கு வரை புள்ளி. கூட்டுத்தொகை கூடினால், கெட்ட குரல் அந்த மனிதரின் வாழ்க்கையையும் கெடுத்திருக்கிறது என்று பொருள். குரல்வளையைக் கமராவால் பார்க்கலாம். வாழ்க்கையைப் பார்க்க எங்களுக்கு இருந்தது இந்தத் தாள் ஒன்றுதான்.

எங்கள் பகுதியில் ஈரானியர் பலர் இருந்தார்கள். ஆங்கிலத் தாளை வைத்துக்கொண்டு அவர்கள் திண்டாடினார்கள். பாரசீக மொழியில் ஒன்று செய்வோம் என்று முடிவானபோது, எங்கள் பிரிவுத் தலைவி அந்த வேலையை என்னிடம் தந்தார். உயரமான ஆங்கிலேயப் பெண்மணி. மெல்லப் பேசுவார். அவர் பெயரை எழுதினால் கோபிப்பார்.

“எனக்குப் பாரசீகத்தில் ஒரு எழுத்துக்கூடத் தெரியாதே” என்றேன்.

“எனக்கும் தெரியாது. ஆனால் ஒரு மொழியில் சமைத்து இன்னொரு மொழியில் சம்பளம் வாங்குவது எப்படியென்று உனக்குத் தெரியும். எனக்கு அதுவும் தெரியாது” என்றார்.

துணைக்கு வந்தவள் நஸ்ரின், மருத்துவமனையின் உரைபெயர்ப்பாளர். ஈரானின் ஷிராஸ் நகரில் இரசாயனம் படிப்பித்தவள். என்னைவிடப் பத்து வயது இளையவள், என்னைவிட இருமடங்கு கோபக்காரி. சீனிக்கட்டியைப் பல்லுக்கிடையில் வைத்துக்கொண்டு தேநீர் குடிப்பாள். நான் பனங்கட்டியைக் கடித்துக் குடிக்கும் பழக்கமுள்ளவள். இருவருக்கும் ஒத்துப்போக இதுவே போதுமாக இருந்தது. நாங்கள் பேசியது ஆங்கிலத்தில்தான். ஆனால் இத்தனை வருடம் கழித்து அவள் குரல் என் காதில் எங்கள் ஊர்த் தமிழில்தான் கேட்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

மொழிபெயர்ப்பு நிறுவனம் ஒன்று முதல் வரைவை அனுப்பியது. நஸ்ரின் அதை வாசித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் தேநீர் சிந்தியது. ‘என் குரலை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது’ என்ற வாக்கியத்துக்கு அவர்கள் ‘ஷர்மந்தே’ என்ற சொல்லைப் போட்டிருந்தார்கள்.

“இது வெட்கந்தான். ஆனா ஆரும் வீட்டை கூப்பிட்டுச் சாப்பாடு தந்தாலும் இதைத்தான் சொல்லுவம். ‘உங்களுக்குக் கரைச்சல் குடுத்திட்டன், ஷர்மந்தே’ எண்டு. உபசாரச் சொல்லு. இதை வாசிச்சால் ஈரானியர் எல்லாரும் மரியாதைக்கு ‘எப்போதும்’ எண்டு போடுவினம்.”

அந்தச் சொல்லை மாற்றினோம். ‘ஊனம்’ என்று தொனித்த இன்னொரு சொல்லையும் மாற்றினோம். அப்படி ஏழெட்டுச் சொற்கள். பாரசீகத் தாளை வேறொருவரிடம் கொடுத்துத் திரும்ப ஆங்கிலமாக்கிப் பார்த்தோம். மூலத்தோடு அச்சுக்கு அச்சு ஒத்துப்போனது. எனக்குப் பெருமை தாளவில்லை. முதல் தொகுதி நோயாளிகளிடம் தாளைக் கொடுக்கத் தொடங்கினோம். அதைப் பற்றி ஒரு மாநாட்டுக்கு ஆய்வுச் சுருக்கம் எழுதி அனுப்பினேன்; ஏற்றுக்கொண்டார்கள்.

அந்த முதல் தொகுதியில் வந்தவர்தான் பெஹ்ரூஸ். ஐம்பத்தைந்து வயதிருக்கும். நன்றாகத் தேய்த்த சட்டை, பழைய கோட். ஹவுன்ஸ்லோவில் மினிகாப் எனும் வாடகைக்கார் அலுவலகம் ஒன்றில் கண்ட்ரோலராக இருந்தவர். வானொலிக் கருவியின் முன்னால் உட்கார்ந்து, கார்களை எண் சொல்லிக் கூப்பிட்டு, எது எங்கே போகவேண்டும் என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கும் வேலை. தைராய்டில் சத்திரசிகிச்சை நடந்தபோது ஒரு நரம்பு பாதிக்கப்பட்டு, குரல்நாண்கள் இரண்டில் ஒன்று அசையாமல் நின்றுவிட்டது. பேசினால் பாதி காற்றாகப் போகும். ஒரு வருடம் பொறுத்துப் பார்த்தாயிற்று, நரம்பு திரும்பவில்லை.

அன்று நஸ்ரின் சுகவீன விடுப்பில் இருந்தாள். பெஹ்ரூஸ் தாளைத் தானே நிரப்பினார். ஆங்கிலம் ஓரளவு வரும் என்பதால் நானும் வேறு ஆளைத் தேடவில்லை.

“எப்படி இருக்கிறீர்கள்?” என்று கேட்டேன்.

“மிக நல்லம். கடவுளுக்கு நன்றி. உங்கள் தயவு” என்று காற்றுக்குரலில் சொல்லி, கையை நெஞ்சில் வைத்தார்.

எங்கள் ஆட்களும் இதைத்தான் சொல்வார்கள். சாகக் கிடந்தாலும் ‘இருக்கிறம்’ என்பார்கள். அது எனக்குத் தெரியாததா? ஆனால் என் கையில் தாள் இருந்தது. கூட்டிப் பார்த்தேன்; மிகக் குறைந்த புள்ளி. பாதிக்கு மேல் பூச்சியம்.

எங்கள் காது மூக்குத் தொண்டை மருத்துவர் மதுரைக்காரர். அசையாத குரல்நாணை உள்ளே தள்ளிவைக்கும் சத்திரசிகிச்சையில் கைதேர்ந்தவர். அவரிடம் கோப்பைக் கொண்டுபோனேன்.

“பேஷண்டுக்குப் பெரிசா கஷ்டம் இல்லைன்னா கழுத்துல எதுக்குக்கா கத்தி வைக்கணும்? ஸ்கோர் என்ன சொல்லுது?”

“குறைவாத்தான் இருக்கு டொக்டர்.”

“ஆமா, மனுஷன் சிரிச்ச முகமாத்தான் இருக்காரு. அப்ப விட்டுரலாம்.”

விட்டுவிட்டோம். கிளினிக்கிலிருந்து அவரை விடுவிக்கும் கடிதத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டவள் நான்.

மூன்று மாதம் கழித்து ஒரு ஈரானியப் பெண் வந்தார். சிகையலங்காரக் கடை வைத்திருப்பவர். மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டு வந்ததால், நஸ்ரின் அவருக்கு வாக்கியங்களை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டிப் பதிலை வட்டமிட்டாள். நான் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். தொலைபேசி வாக்கியம் வந்தது. அந்தப் பெண் ஒரு சொல் சொன்னார். சொல்லும்போதே கையை உதறினார், சுட்ட பாத்திரத்தைத் தொட்டவர் உதறுவதுபோல. நஸ்ரின் பூச்சியத்தில் வட்டம் போட்டாள்.

மொழி தெரிந்திருந்தால் நான் சொல்லைக் கேட்டிருப்பேன். தெரியாததால் கையைப் பார்த்தேன். பூச்சியம் சொல்கிற கை அப்படி உதறாது.

“நஸ்ரின், அவ என்ன சொன்னவ?”

“ஒருபோதும் இல்லையாம்.”

“என்னது ஒருபோதும் இல்லை? கேளும் பாப்பம்.”

நஸ்ரின் கேட்டாள். அந்தப் பெண் நெடுநேரம் பேசினார். நஸ்ரின் பேனையை மேசையில் வைத்தாள்.

“இந்தக் குரலோட தான் போனைத் தொடுறதே இல்லையாம். கடைக்கு வாற போனை எல்லாம் தங்கச்சிதான் எடுக்கிறாவாம். தான் ஒருபோதும் இல்லையாம்.”

விளங்கிவிட்டதா? ‘குறைவாகப் பேசுகிறேன்’ என்ற வாக்கியத்துக்கு ‘ஒருபோதும் இல்லை’ என்று பதில் சொன்னால், குறைவாகப் பேசுவது ஒருபோதும் இல்லை, எல்லாம் வழக்கம்போலவே என்று எங்கள் தாள் எடுத்துக்கொள்ளும். பூச்சியம். ஆனால் பாரசீகத்தில் அந்த ‘ஒருபோதும்’ என்ற சொல் எதிர்மறை வினையோடுதான் வரும். தனியே நின்றாலும் உள்ளுக்குள் ஒரு ‘செய்வதில்லை’ ஒட்டிக்கொண்டிருக்கும். பேசுவதையே நிறுத்திவிட்ட மனிதர் ‘ஒருபோதும் பேசுவதில்லை’ என்று வட்டமிடுகிறார். தாள் அதற்குப் பூச்சியம் போட்டு, இவருக்குக் குறையே இல்லை என்கிறது. ஆக மோசமாகப் பாதிக்கப்பட்டவருக்கு ஆகக் குறைந்த புள்ளி.

வெட்கம், ஊனம் என்று பெரிய சொற்களோடு நாங்கள் மாரடித்துக்கொண்டிருந்தோம். பதில் வரிசையின் முதலாவது சொல்லை ஒருவரும் பார்க்கவில்லை. ஆங்கிலத்துக்குத் திரும்ப மொழிபெயர்த்தவர் அதைச் சரியாகவே மொழிபெயர்த்திருந்தார். அவருக்குக் குரல் நன்றாக இருந்தது.

“நான் படிப்பிச்சவள். சோதனைத்தாள் வாசிக்கிற மாதிரி வாசிச்சிட்டன்” என்றாள் நஸ்ரின். அவள் கோபப்படாமல் பேசியதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

என் கண்முன் பெஹ்ரூஸின் முகம் வந்து நின்றது. அன்று பின்னேரம் அவருடைய தாளை எடுத்தேன். தொலைபேசி: பூச்சியம். நண்பர்களோடும் அயலவரோடும் குறைவாகப் பேசுகிறேன்: பூச்சியம். வெளியே போவது குறைந்துவிட்டது: பூச்சியம். வரிசையாக, நிதானமாக, பேனையை அழுத்தி வட்டமிட்டிருந்தார். எங்களிடம் கத்திச் சொல்லியிருக்கிறார். நாங்கள் கூட்டல் கணக்குப் பார்த்திருக்கிறோம்.

தலைவியின் அறைக் கதவைத் தட்டுவதற்கு முன் நடைபாதையில் இரண்டு முறை திரும்பி நடந்தேன் என்பதை உங்களிடம் மறைக்கத் தேவையில்லை. மாநாடு அடுத்த மாதம். தாள்களை ஓசைப்படாமல் திருத்திவிட்டு, அடுத்த தொகுதியிலிருந்து சரியாகச் செய்யலாம் என்ற யோசனை வந்தது. வராமலில்லை. ஆனால் நாங்கள் விடுவித்த மனிதர்கள் ஹவுன்ஸ்லோவிலும் ஈலிங்கிலும் உயிரோடு நடமாடிக்கொண்டிருந்தார்கள். தட்டினேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “இது வேறு யாருக்குத் தெரியும்?” என்றார் தலைவி.

மூடி மறைக்கச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். “நஸ்ரினுக்கு” என்றேன்.

“அப்படியானால் அவளையும் கூப்பிடு. மூன்று பேராகப் பார்த்தால் தாள்கள் சீக்கிரம் முடியும்.”

மாநாட்டுக்கு விலகல் கடிதத்தை அவரே எழுதினார். காரணம் என்ற இடத்தில் ‘எங்கள் தாள் பிழையானது’ என்று மட்டும் இருந்தது. பிறகு மூவரும் கதிரைகளை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, குறைந்த புள்ளி வாங்கியவர்களை ஒவ்வொருவராகப் பிரித்தெடுத்தோம். சந்தேகத்துக்கு இடமானவர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். பெஹ்ரூஸின் கோப்பை மேலே வைத்தோம்.

உடனே அவர் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி எடுத்தேன். மூன்றாவது தடவை தலைவி தலையைத் தூக்கி, “நீ யாருக்குத் தொலைபேசி எடுக்கிறாய் என்று யோசித்தாயா?” என்றார். வெட்கத்தோடு வைத்துவிட்டேன்.

கடிதம் எழுதினேன். ‘உங்கள் நிலையை மீள்பரிசீலனை செய்ய விரும்புகிறோம்’ என்று மருத்துவமனைகள் எழுதும் தோரணையில். நஸ்ரின் அதை மொழிபெயர்க்க மறுத்தாள்.

“இதில ஆர் பிழை விட்டது எண்டு இல்லை. இதை வாசிச்சா, தான் தாளைப் பிழையா நிரப்பிப்போட்டன் எண்டு நினைச்சு வெக்கத்தில வரமாட்டார். எங்கட ஆக்களை எனக்குத் தெரியும்.”

“நஸ்ரின், ஆஸ்பத்திரிக் கடிதத்தில அப்பிடி எழுத ஏலாது. சட்டம் பாக்கிற ஆக்கள் விடமாட்டினம்.”

“அப்ப கடிதம் வேண்டாம்.”

இருவரும் தலைவியிடம் போனோம். நஸ்ரின் பாரசீகத்தில் தன் கையால் எழுதிய நாலு வரியை ஆங்கிலத்தில் சொல்லிக் காட்டினாள்: ‘பிழை எங்கள் கேள்வியில் இருந்தது. உங்கள் பதில் சரியானது. நாங்கள்தான் அதை வாசிக்கத் தவறிவிட்டோம். தயவுசெய்து வாருங்கள்.’ தலைவி தாளை வாங்கி, தன்னால் வாசிக்க முடியாத அந்த எழுத்தின் கீழே கையெழுத்திட்டார். நாளைக்கு உங்களில் யாரேனும் பிரிவுத் தலைவராக வந்தால், இப்படியொரு கையெழுத்தாவது போட்டுவிட்டு ஓய்வுபெறுங்கள்.

பெஹ்ரூஸ் வந்தார். அதே கோட். உட்பையில் கடிதம் நாலாக மடிந்திருந்தது. நான் ‘எப்படி இருக்கிறீர்கள்’ என்று கேட்கவில்லை. பழைய தாளை அவர் முன் வைத்து, பூச்சியங்களில் ஒன்றைத் தொட்டு, “இதில் ஏன் வட்டமிட்டீர்கள்? சொல்லுங்கள்” என்றேன். நஸ்ரின் பாரசீகத்தில் கேட்டாள்.

அவர் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு பேசத் தொடங்கினார். காற்றுக்குரல், இரண்டு மூன்று சொல்லுக்கு ஒருமுறை மூச்செடுத்தார். கண்ட்ரோலர் வேலை போய்விட்டது. முதலாளி நல்லவர், வேறு வேலை கொடுத்தார்: ஹீத்ரோ விமான நிலையத்தில் வந்திறங்குபவரின் பெயரை எழுதிய பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்பது. அதற்குக் குரல் தேவையில்லை. வீட்டில் மனைவிதான் கடைக்கும் வங்கிக்கும் பேசுகிறார். மகனுக்குப் பெண் கேட்டுப் போனார்கள். அங்கே தகப்பன்தான் வாயைத் திறந்து கேட்கவேண்டும்; அதுதான் வழக்கம்.

“தன்ர தம்பியைக் கேக்க விட்டாராம்” என்று நஸ்ரின் சொன்னாள். “தான் பக்கத்தில இருந்து தலையாட்டினவராம்.”

அவர் கடைசியாக ஒரு வாக்கியம் சொன்னார். நஸ்ரின் என் பக்கம் திரும்பினாள். “பாரசீகத்தில குரல் அடைச்சால் ‘பிடிச்சுப் போட்டுது’ எண்டு சொல்லுவம். மனம் கனத்தாலும் அதே சொல்லுத்தான். இவர் இப்ப சொன்னது எதை எண்டு எனக்குத் தெரியேல்லை. ரெண்டையும் எழுதுங்கோ.”

இரண்டையும் எழுதினேன். கோப்போடு நேரே மருத்துவரிடம் போனேன். இன்னொரு நோயாளியைப் பார்த்துக்கொண்டிருந்தவர், என் முகத்தைப் பார்த்து வெளியே வந்தார். நின்றபடியே கேட்டார்.

“அடக் கடவுளே. நானும் ஸ்கோரைத்தானேக்கா பாத்தேன். அவரு பேசுறதைக் காது குடுத்துக் கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்ல. சேர்ந்துதான் தப்புப் பண்ணிருக்கோம், சேர்ந்தே சரி பண்ணுவோம். இப்பவே உள்ள கூட்டிட்டு வாங்க.”

சில வாரத்தில் சத்திரசிகிச்சை. அதை நோயாளி விழித்திருக்கும்போதே செய்வார்கள். கழுத்தை மட்டும் மரக்கச் செய்து, அசையாத குரல்நாணுக்குப் பக்கத்தில் ஒரு சிறு துண்டை வைத்து, பேசச் சொல்லிக் கேட்டு, அளவைச் சரிபார்ப்பார்கள். அதனால் நஸ்ரினும் நானும் பச்சை உடையும் தொப்பியுமாக உள்ளே நின்றோம். நஸ்ரினின் கை என் முழங்கையைப் பிடித்திருந்தது.

மருத்துவர் முதலாவது துண்டை வைத்தார். பெஹ்ரூஸ் ஒன்று, இரண்டு, மூன்று என்று பாரசீகத்தில் எண்ணினார். காற்று குறைந்து குரல் வந்தது. நஸ்ரின் விம்மினாள்.

“நல்லாருக்கே! என்னக்கா சொல்றீங்க?” என்றார் மருத்துவர்.

என் காதுக்கும் நல்லாகத்தான் இருந்தது. ஓம் என்று சொல்ல வாயெடுத்தேன். கழுத்தைத் திறந்துவைத்துக்கொண்டு நீண்டநேரம் யோசிக்க முடியாது. எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். அப்போதுதான் உறைத்தது: அந்த அறையில் இருந்த எங்களில் எவரும் இந்த மனிதரின் பழைய குரலைக் கேட்டதில்லை. ஏற்கெனவே ஒருமுறை அவரைக் கேளாமல் அவருக்கு நல்லம் என்று எழுதிக் கொடுத்தவள் நான்.

“பொறுங்கோ டொக்டர். அவரைக் கேப்பம். நஸ்ரின், இது அவற்ற குரலோ எண்டு கேளும்.”

திரைக்கு அந்தப் பக்கம் ஒரு கை உயர்ந்து, இல்லை என்று அசைந்தது.

“இது வேற ஆரோவாம்” என்றாள் நஸ்ரின். “தான் இவ்வளவு மெல்லிசு இல்லையாம்.”

மருத்துவர் முகமூடிக்குள் சிரித்தார். துண்டை எடுத்து, இன்னொன்றைச் செதுக்கி வைத்தார். மறுபடி எண்ணச் சொன்னோம். பெஹ்ரூஸ் எண்ணவில்லை. அதற்குப் பதிலாக, தடித்த, கரகரத்த, கட்டளையிட்டுப் பழகிய ஒரு குரல் ஆங்கிலத்தில் கேட்டது:

“இருபத்திரண்டு, இருபத்திரண்டு. எங்கே நிற்கிறாய்?”

மயக்கமருந்து பார்த்துக்கொண்டிருந்தவர்தான் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும்.

பாரசீகத் தாளைத் திரும்பச் செய்தோம். வாக்கியங்களைக் கேள்விகளாக்கினோம். ‘ஒருபோதும் இல்லை’ இருந்த இடத்தில் ‘எனக்கு இப்படி நடப்பதில்லை’ என்று போட்டோம். மூலத் தாளின் உரிமைக்காரர்கள் முணுமுணுத்துவிட்டு ஒத்துக்கொண்டார்கள். நோயாளி தாளை முடித்ததும் ஐந்து இடங்களைத் தொட்டு ‘ஏன்?’ என்று கேட்பதை விதியாக்கினோம். தமிழ்த் தாளில் உங்களுக்கும் இதே குழி காத்திருக்கிறது. ‘ஒருபோதும் இல்லை’ என்பதற்குள் இருக்கும் அந்த ‘இல்லை’ எதை இல்லை என்கிறது என்று உங்கள் அம்மாவிடம் கேளுங்கள், நம் ஆட்கள் போகும் மனோர் பார்க் கோயில் வாசலில் நிற்பவர்களிடம் கேளுங்கள். குரல் கெட்டவர்களிடம் கட்டாயம் கேளுங்கள்.

புதிய தாளைப் பார்த்துச் சொல்லும்படி நாங்கள் அழைத்தவர்களில் பெஹ்ரூஸும் ஒருவர். கழுத்துத் தழும்பு ஆறியிருந்தது. நஸ்ரினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியாக வாசித்துக்கொண்டு வந்தவர், பதினேழாவதில் நின்றார். அந்தச் சொல் சரியில்லை என்றார். சரிதான் என்றாள் நஸ்ரின். தெஹ்ரானில் எவனும் இப்படிச் சொல்லமாட்டான் என்றார் அவர். ஷிராஸில் சொல்வார்கள் என்றாள் அவள். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. இருவரும் எழும்பி நின்றுவிட்டார்கள் என்பது மட்டும் விளங்கியது. மேசையில் இருந்த தேநீர்க் கோப்பைகள் அதிர்ந்தன.

கதவு திறந்தது. பக்கத்து அறைத் தாதி தலையை நீட்டினார்.

“மன்னிக்கவேண்டும் ஐயா, இந்தப் பக்கம் நோயாளிகள் இருக்கிறார்கள். உங்கள் சத்தத்தைக் கொஞ்சம் குறைக்க முடியுமா?”

நஸ்ரின் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். பெஹ்ரூஸ் அந்தத் தாதியையே பார்த்தபடி நின்றார். பிறகு கோட்டுப் பொத்தானைப் பூட்டி, கையை நெஞ்சில் வைத்து, சற்றே குனிந்தார்.

“தயவுசெய்து” என்றார், “இன்னொருமுறை சொல்லுங்கள்.”